80 வயது நோயாளியைப் 'பாட்டி' என்று கூப்பிடலாமா?

வாசகர் கேள்வி:

வணக்கம் மேடம். திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ஜெர்மன் மொழித் தேர்வில் பி2 நிலை பாஸ் பண்ணிவிட்டேன். விசா வந்ததும் ஜெர்மனி கிளம்ப வேண்டும். நான் சேரப்போகும் வார்டின் பொறுப்பு நர்ஸ் போன வாரம் வீடியோ காலில் பேசினார். என் அம்மா வயது இருக்கும். "இங்கே எல்லோருக்கும் எல்லோரும் 'டூ'தான், என்னையும் பேர் சொல்லிக் கூப்பிடு" என்றார். எனக்கு நாக்கு எழவில்லை. கடைசிவரை 'ஸீ', அதாவது 'நீங்கள்', என்றே பேசினேன். அவர் முகம் கொஞ்சம் வாடிவிட்டது. அம்மா வயசுக்காரரை எப்படி 'நீ' என்பது? நோயாளிகள் விஷயமும் குழப்புகிறது. இங்கே வயதானவர்களைப் பாட்டி, தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். அங்கே 'ஓமா', 'ஓப்பா' என்று சொல்லலாமா? ஆங்கிலம் என்றால் இந்தத் தொல்லையே இல்லை, எல்லோருக்கும் 'யூ'. "அதனால்தான் இங்கிலீஷில் மரியாதையே கிடையாது" என்கிறார் என் மாமனார். அப்படியா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். 'ஓமா' வேண்டவே வேண்டாம். ஜெர்மானியர் ஒருவர் தன் பேரப்பிள்ளைகளுக்கு மட்டும்தான் ஓமா. 40 வருடம் பள்ளிக்கூடம் நடத்திய ஒரு பெண்மணி இடுப்பெலும்பு முறிந்து உங்கள் வார்டில் படுத்திருக்கிறார் என்று வையுங்கள். முன்பின் தெரியாத ஒரு நர்ஸ் வந்து 'ஓமா' என்றால், 'இவள் கண்ணுக்கு நான் ஒரு கிழவி, அவ்வளவுதான்' என்றுதான் அவருக்குத் தோன்றும். நம் ஊர் வார்டில் "பாட்டி, கையை நீட்டுங்க" என்றதும் பாதிப் பயம் போய்விடுகிறது. யாரோ ஒருத்தி சொந்தக்காரி ஆகிவிடுகிறாள். அதே அன்போடு அங்கே போய் அதே சொல்லைச் சொன்னால் மனசு புண்படும். அங்கே அவர் 'ஃப்ரௌ ஷ்மிட்'. குடும்பப் பெயரோடு 'ஃப்ரௌ', ஆண் என்றால் 'ஹெர்', வினைச்சொல்லோடு 'ஸீ'. "ஃப்ரௌ ஷ்மிட், ஹாபென் ஸீ ஷ்மெர்ட்சென்?" என்று கேளுங்கள், வலி இருக்கிறதா என்று. காலையில் கதவைத் தட்டி உள்ளே போகும்போதே பெயரைச் சொல்லி வணக்கம் சொல்லுங்கள். அந்தப் பெயருக்குள்தான் அவருடைய கௌரவம் இருக்கிறது.

இனி உங்கள் மாமனார் சொன்னது. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். அது விளங்கினால் உங்கள் 'டூ' சிக்கலும் பாதி தீர்ந்துவிடும். ஆங்கிலத்தில் இன்று இல்லாமல் போயிருப்பது 'நீ'. மிஞ்சி நிற்பது 'நீங்கள்'. மரியாதைச் சொல்லைத் தொலைத்த மொழி என்று நாம் நினைக்கிறோம். ஆனால் அவர்கள் பிச்சைக்காரரையும் ராணியையும் ஒரே மரியாதைப் பன்மையில்தான் கூப்பிடுகிறார்கள்.

ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் ஒருவருக்கு ஒரு சொல், பலருக்கு வேறு சொல். ஒருவர் என்றால் 'தூ'. பின்னாளில் அது 'தௌ' ஆயிற்று. பலர் என்றால் 'யே'. இன்றைய 'யூ' அந்த 'யே'யின் வேற்றுமை வடிவம், நம் 'நீங்கள்' என்பதற்கு 'உங்களை' மாதிரி. இரண்டே பேரைப் பார்த்துப் பேச 'யித்' என்று தனியாக ஒன்றுகூட இருந்தது. அப்போது இவற்றில் மரியாதை, அவமரியாதை எதுவும் கிடையாது. வெறும் எண்ணிக்கைதான். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் அரசவையில் பிரெஞ்சு வந்து உட்கார்ந்தது. பிரெஞ்சுக்காரர்கள் பெரிய மனிதர் ஒருவரைப் பன்மையில் அழைப்பவர்கள். 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலமும் அதைப் பிடித்துக்கொண்டது. எஜமானருக்கு 'யூ', வேலைக்காரனுக்கு 'தௌ'. கணவனுக்கு 'யூ', குழந்தைக்கு 'தௌ'. நம் வீட்டுக் கணக்கேதான்.

பிறகு 'தௌ' மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. எந்த அளவுக்கு என்றால், 1603-இல் சர் வால்டர் ராலேமீது வின்செஸ்டரில் ராஜத்துரோக வழக்கு நடந்தபோது, அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்ட் கோக், ராலேயைப் பார்த்து "துரோகியே, உன்னை நான் 'தௌ' என்றுதான் சொல்வேன்" என்று வெளிப்படையாகவே அறைந்தார். வேறு வசவுகளும் அவர் வாயில் வந்தன, ஆனால் இதுவும் ஒரு வசவாகவே விழுந்தது. 'சர்' பட்டம் பெற்ற ஒருவரை 'நீ' என்றாலே போதுமான அடி. இப்படி ஒரு சொல் கூர்மையான ஆயுதமாகிவிட்டால், தெரியாதவரிடம் அதை எடுக்க யாருக்குத் துணிவு வரும்? எதிரே நிற்பவர் பெரிய இடமா, சின்ன இடமா என்று உடையைப் பார்த்துச் சொல்ல முடியாத லண்டன் மாதிரி ஊரில், எல்லோரையும் 'யூ' என்றுவிடுவதே பத்திரம். அப்படித்தான் 'யூ' பரவியது, 'தௌ' ஒதுங்கியது என்பது மொழியியலாளர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று. 18-ஆம் நூற்றாண்டில் பொது ஆங்கிலத்தில் அது இல்லை. யார்க்‌ஷர் பக்கக் கிராமப் பேச்சில் இன்னும் 'தா' என்று கேட்கும்.

அதற்கு முந்தைய 17-ஆம் நூற்றாண்டில் எதிர்த்திசையில் நடந்தவர்களும் உண்டு. எனக்கு அவர்கள்மேல் பெரிய மதிப்பு. ஜார்ஜ் ஃபாக்ஸ் 1650-களில் தொடங்கிவைத்த குவேக்கர் என்ற கிறிஸ்தவக் கூட்டத்தார், பணக்காரன் ஏழை, பெரியவன் சின்னவன் பாராமல் தனி ஆள் யாராக இருந்தாலும் 'தௌ' என்றுதான் அழைப்போம் என்று நின்றார்கள். ஒருவனை நீ பலர் என்று சொல்வது பொய், மனிதனுக்கு மனிதன் செய்யும் முகத்துதி என்பது அவர்கள் வாதம். நீதிபதிமுன் தொப்பியைக் கழற்றவும் மாட்டார்கள், அவரை 'யூ' என்று சொல்லவும் மாட்டார்கள். அடி வாங்கினார்கள், சிறைக்குப் போனார்கள். சமத்துவத்துக்கு இரண்டு வழி: எல்லோரையும் 'நீ' ஆக்குவது, அல்லது எல்லோரையும் 'நீங்கள்' ஆக்குவது. குவேக்கர்கள் முதல் வழியைக் கேட்டார்கள். ஆங்கிலம் இரண்டாம் வழியில் போய்விட்டது.

போனதில் நஷ்டமும் உண்டு. ஒருவரா பலரா என்ற வேறுபாடே அழிந்துபோனது. நீங்கள் திருநெல்வேலிக்காரர், லூக்கா 22-ஆம் அதிகாரத்தைக் கேட்டிருக்கக்கூடும். சாத்தான் "உங்களை"ப் புடைக்க உத்தரவு கேட்டுக்கொண்டான், நானோ "உனக்காக" வேண்டிக்கொண்டேன் என்று இயேசு சீமோனிடம் சொல்கிறார். ஆபத்து சீடர்கள் எல்லோருக்கும். வேண்டுதல் இந்த ஒருவனுக்காக. தமிழில் அது அப்படியே விளங்குகிறது. 1611-இன் ஆங்கில மொழிபெயர்ப்பிலும் 'யூ', 'தீ' ('தௌ'வின் வேற்றுமை வடிவம்) என்று பிரித்திருக்கிறார்கள். இன்றைய ஆங்கிலத்தில் இரண்டு இடத்திலும் வெறும் 'யூ' போட்டால் படிப்பவருக்கு அந்த வித்தியாசம் தட்டுப்படாது. இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் அமெரிக்கத் தென்மாநிலங்களில் 'யால்', அயர்லாந்திலும் லிவர்பூலிலும் 'யூஸ்', பிட்ஸ்பர்க்கில் 'யின்ஸ்' என்று ஆளாளுக்குப் பன்மை செய்துகொண்டார்கள்.

ஆகவே மாமனாரிடம் சொல்லுங்கள்: ஆங்கிலத்தில் மரியாதை உண்டு, அது பிரதிப்பெயரில் உட்காரவில்லை. 'குட் யூ', 'வுட் யூ' என்று கேட்கும் விதத்தில் இருக்கிறது, பட்டத்தில் இருக்கிறது, குரலில் இருக்கிறது. 'கிவ் மீ' என்று ஒரு நோயாளியிடம் கை நீட்டினால், எத்தனை 'யூ' போட்டாலும் அது அதட்டல்தான்.

இப்போது ஜெர்மனுக்கு வருவோம். உலகத்து மொழிகள் பலவும் ஒருவரை மதிக்க இரண்டு உபாயங்களில் ஒன்றைக் கையாள்கின்றன. ஒன்று, ஒருவரைப் பலராக்குவது. நம் 'நீங்கள்', பிரெஞ்சு 'வூ', ஆங்கில 'யூ' எல்லாம் இந்த வகை. தொல்காப்பியரே, ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் உயர்சொல்லாக இருக்கிறது, இலக்கண நெறிப்படி அப்படி இல்லை என்று கிளவியாக்கத்தில் குறித்துவைத்திருக்கிறார். அப்படியென்றால் நம் நாக்குக்கு இந்தப் பழக்கம் எவ்வளவு பழையது பாருங்கள். இரண்டாவது உபாயம், நேருக்கு நேர் சுட்டாமல் முகத்தை வேறுபக்கம் திருப்பி, மூன்றாம் மனிதரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவது. நம் 'தாங்கள்' அந்த வகை. 'தாம்' என்பதிலிருந்து வந்தது. இந்தி 'ஆப்' என்பதும் 'ஆத்மன்' என்ற சொல்லின் வழி வந்ததுதான். ஸ்பானிஷ் 'உஸ்தேத்', 'தங்கள் கருணை' என்று பொருள்படும் ஒரு பட்டத்தின் தேய்ந்த வடிவம். அதனால்தான் அதற்கு இன்றும் படர்க்கை வினை வருகிறது. இத்தாலியர்கள் ஆணையும் 'லேய்' என்கிறார்கள், நேர்ப்பொருள் 'அவள்'. முசோலினி 1938-இல் அதைத் தடைசெய்து, பன்மைச் சொல்லான 'வோய்' சொல்லச் சொன்னார். அவர் போனார், 'லேய்' நின்றது.

ஜெர்மன் 'ஸீ' இரண்டையும் சேர்த்தே செய்கிறது. அது 'அவர்கள்'. பன்மையும் உண்டு, படர்க்கையும் உண்டு. உங்கள் வகுப்பில் "ஏன் 'அவர்கள்' வினையையே போடுகிறோம்" என்று குழம்பியிருப்பீர்கள், காரணம் இதுதான்.

ஆனால் உங்களுக்கு வாய் எழாததற்குக் காரணம் இலக்கணம் கிடையாது. 'டூ' என்றால் 'நீ', 'ஸீ' என்றால் 'நீங்கள்' என்று வகுப்பில் எழுதிக்கொண்டீர்கள் இல்லையா, அங்கேதான் சிக்கல். நம் 'நீ, நீங்கள்' பெரும்பாலும் உயரத்தை அளக்கிறது. வயதில், பதவியில், உறவில் யார் மேலே, யார் கீழே. அதனால் அது பெரும்பாலும் ஒருவழிப்பாதை. டாக்டர் உங்களை "இங்க வாம்மா" என்கிறார், நீங்கள் அவரை "சொல்லுங்க சார்" என்கிறீர்கள். இன்றைய ஜெர்மன் 'டூ, ஸீ' தூரத்தை அளக்கிறது. நெருக்கமா, இன்னும் அந்நியமா. தூரம் என்பது இரண்டு பக்கமிருந்தும் ஒன்றுதானே? அதனால் பெரியவர்களுக்கிடையே அது இருவழி. அவர் உங்களுக்கு 'டூ' என்றால் நீங்களும் அவருக்கு 'டூ'. அவர் 'ஸீ' என்றால் நீங்களும் 'ஸீ'.

ஐரோப்பாவில் எப்போதும் அப்படி இருந்ததில்லை. 18-ஆம் நூற்றாண்டில் பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசில் மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களை 'ஏர்', அதாவது 'அவன்', என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். மேல்கீழ் கணக்கிலிருந்து நெருக்கக் கணக்குக்கு ஐரோப்பா நகர்ந்ததை 1960-இல் ரோஜர் பிரௌன், ஆல்பர்ட் கில்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் விரிவாக எழுதினார்கள். அதிகாரம், நெருக்கம் என்று அவர்கள் பிரித்துக்காட்டிய இரண்டு அச்சும் இன்றுவரை மொழியியலில் அடிப்படைப் பாடம். நகர்ந்தது தானாக மட்டும் நடக்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சியின்போது 1793-இல் எல்லோரும் எல்லோரையும் 'து' (நீ) என்றே அழைக்க வேண்டும் என்று ஒரு வேகம் எழுந்து, சில வருடத்தில் அடங்கிவிட்டது. ஸ்வீடனில் நிலைத்தது. அங்கே முன்பெல்லாம் ஒருவரைப் பட்டத்தாலேயே அழைக்க வேண்டும், "டைரக்டர் காபி சாப்பிடுகிறாரா?" என்று டைரக்டரிடமே கேட்க வேண்டும். 1967-இல் நாட்டின் மருத்துவத் துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற ப்ரூர் ரெக்ஸெட், தன் ஊழியர்கள் எல்லோரையும் 'டூ' என்பேன், அவர்களும் என்னை அப்படியே அழைக்கலாம் என்று அறிவித்தார். ஏற்கெனவே மாறிக்கொண்டிருந்த பழக்கத்துக்கு அவர் பெயர் ஓர் அடையாளமாகிவிட்டது. அவர் உங்கள் துறைக்காரர் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

இதையெல்லாம் தமிழ் மனசுக்கு எட்டாத விஷயம் என்று நினைக்காதீர்கள். உங்கள் வீட்டையே பாருங்கள். அப்பாவை 'நீங்க' என்கிற பல வீடுகளில் அம்மாவுக்கு 'நீ'தான். "அம்மா, நீ சாப்டியா?" அம்மா அப்பாவைவிடத் தாழ்ந்தவர் என்றா அப்படிச் சொல்கிறோம்? நடுவில் எந்தத் தூரமும் இல்லை, அதனால் சொல்கிறோம். கடவுளையும் அப்படித்தான். அப்பர் சிவனை "அப்பன் நீ அம்மை நீ" என்றார். ஜெர்மானியரும் கடவுளை 'டூ' என்கிறார்கள். ஆங்கிலப் பிரார்த்தனையில் வரும் 'தௌ' இன்று கம்பீரமாகக் கேட்டாலும் அதுவும் 'நீ'தான். தமிழ்க் கிறிஸ்தவர்கள் மட்டும் 'நீர்', 'தேவரீர்' என்று ஒரு படி தள்ளி நின்று வணங்குகிறார்கள்.

அந்தப் பொறுப்பு நர்ஸ் உங்களுக்குக் கொடுத்த 'டூ', அம்மாவுக்குச் சொல்லும் அந்த 'நீ'. "நீ இனி எங்களில் ஒருத்தி" என்று கதவைத் திறந்துவிட்டார். நீங்கள் மரியாதை என்று நினைத்து வாசலிலேயே நின்றுவிட்டீர்கள். அவருக்கு அது, 'உங்களோடு ஒட்ட எனக்கு விருப்பமில்லை' என்று கேட்டிருக்கும். முகம் வாடியது அதனால்தான். சங்கடப்பட வேண்டாம், இது சரிசெய்யக்கூடிய விஷயம்தான். அடுத்த முறை பேசும்போது பெயரைச் சொல்லி, 'டூ' போட்டு, ஒரே ஒரு வாக்கியம் சேருங்கள்: "டாரான் முஸ் இஷ் மிஷ் நோஹ் கெவோனென்." இதற்கு நான் இன்னும் பழக வேண்டும் என்று அர்த்தம். எங்கள் ஊரில் மூத்தவர்களைப் பெயர் சொல்ல மாட்டோம் என்று காரணத்தையும் சொல்லலாம். ஜெர்மானியருக்கு ஒளிவுமறைவில்லாத காரணம் பிடிக்கும்.

'டூ' யார் கொடுப்பது என்பதில் அங்கே ஒரு முறை உண்டு. மூத்தவர் இளையவருக்குக் கொடுக்கலாம், மேலதிகாரி கீழே இருப்பவருக்குக் கொடுக்கலாம். நீங்களாகப் பெரிய டாக்டரிடம் போய் 'டூ' என்று ஆரம்பிக்கக் கூடாது. நர்ஸ்களுக்குள் அநேகமாக எங்கும் 'டூ'தான், ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் இருந்தால் 'இயர்'. டாக்டர்களிடம் வார்டுக்கு வார்டு மாறும். முதல் வாரம் காதைத் தீட்டிக்கொண்டு மற்ற நர்ஸ்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். அதுவரை 'ஸீ'. ஒருமுறை 'டூ'வுக்குப் போய்விட்டுத் திரும்ப 'ஸீ'க்கு வந்தால், சண்டைபோட்ட மாதிரி ஆகிவிடும். 'ஸீ'யிலிருந்து 'டூ'வுக்குப் போவதில் ஒரு நஷ்டமும் இல்லை.

எது சொல்வதென்று தெரியாமல் மாட்டிக்கொண்டால், நம் ஊர் உபாயமே கைகொடுக்கும். யாரை எப்படி அழைப்பது என்று தெரியாதபோது நாம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிடுகிறோம். அதில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. ஜெர்மனில் "வீ கேட்ஸ்?" என்றால் எப்படிப் போகிறது, சாப்பாட்டுத் தட்டை எடுக்கும்போது "ஹாட்ஸ் கெஷ்மெக்ட்?" என்றால் ருசித்ததா. இரண்டிலும் ஆளே இல்லை.

நோயாளிகளிடம் இன்னொரு பழக்கத்தையும் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். "நாம இப்ப ஊசி போட்டுக்கலாமா?" என்று நாம் கேட்பது உண்டு, ஊசி அவருக்கு மட்டும்தான். ஜெர்மன் நர்ஸ்களும் ஒரு காலத்தில் "ஹாபென் வியர் கூட் கெஷ்லாஃபென்?", நாம் நன்றாகத் தூங்கினோமா, என்று கேட்பார்கள். இதற்கு 'நர்ஸம்மா பன்மை' என்றே அங்கே ஒரு கேலிப்பெயர் உண்டு. பெரிய மனிதரைக் குழந்தையாக்கிப் பேசுவது என்று இன்று பயிற்சியிலேயே தவிர்க்கச் சொல்கிறார்கள். குழந்தைகளுக்கு 'டூ' சொல்லுங்கள். 16 வயது நெருங்கும் பிள்ளைகளிடம் எப்படி அழைக்கட்டும் என்று கேட்டுவிடுங்கள், அவர்களுக்குப் பெருமையாக இருக்கும். வார்டு துடைக்க வருகிறவருக்கும், தள்ளுவண்டியில் சாப்பாடு கொண்டு வருகிறவருக்கும் முதல் நாள் 'ஸீ'தான். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் ஆஸ்பத்திரிகளில் 60 வயது ஆயாம்மாவை 22 வயது நர்ஸ் "இங்க வா, இதத் துடை" என்பது சகஜமாக நடக்கிறது. கிராமங்களில் நிலக்காரர் வீட்டுச் சிறுபிள்ளை முதிய கூலிக்காரரைச் சாதி பார்த்து 'வா, போ' என்றதும், அவர் அந்தப் பிள்ளையைப் பதிலுக்கு 'நீங்க' என்றதும் பழங்கதையாக முற்றிலும் முடிந்துவிடவில்லை. தமிழின் மரியாதைச் சொற்களைப் பற்றி நாம் பெருமைப்படும்போது, அந்த மரியாதையை யாருக்கெல்லாம் கொடுக்க மறுத்தோம் என்பதையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும். ஆயாம்மாவுக்கு 'நீங்க' சொல்ல விசா வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

உங்களையும் அங்கே யாராவது ஒருவழியாக 'டூ' என்று சொல்லக்கூடும். மறதிநோய் உள்ள முதியவர் சொன்னால் அதைப் பொருட்படுத்தாதீர்கள். அவர் கண்ணுக்கு நீங்கள் பேத்தியாகவோ பழைய சிநேகிதியாகவோ தெரியலாம். நீங்கள் 'ஸீ'யிலேயே இருங்கள். ஆனால் புத்தி தெளிவாக உள்ள ஒருவர், பக்கத்தில் நிற்கும் ஜெர்மன் நர்ஸுக்கு 'ஸீ' என்றும், நிறத்தையும் பெயரையும் பார்த்து உங்களுக்கு மட்டும் 'டூ' என்றும் சொன்னால், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம். வெளிநாட்டுக்காரர்களை இப்படி அழைப்பது அங்கே உள்ள ஒரு கெட்ட பழக்கம்; அது தவறு என்று அங்கேயே பலருக்கும் தெரியும். குரலை உயர்த்தாமல் "பிட்டெ ப்ளைபென் வியர் பைம் ஸீ" என்று சொல்லுங்கள், தயவுசெய்து 'ஸீ'யிலேயே இருப்போம் என்று. 1960-களிலிருந்து கேரளத்துப் பெண்களும் கொரியப் பெண்களும் ஆயிரக்கணக்கில் போய் நர்ஸ்களாக உழைத்த நாடு அது. இன்று உங்களோடு வியட்நாமியப் பெண்கள் இருக்கக்கூடும். அவர்கள் மொழியிலும் நம்மைப் போலவே அண்ணன், அக்கா, தங்கை என்று உறவுச்சொல்லால்தான் ஆளை அழைப்பார்கள்; தன்னைக் குறிக்கவே 'தங்கை' என்பார்கள். 'டூ' சொல்லக் கூசும் நாக்கு உங்களுடையது மட்டும் இல்லை.

பெயர் விஷயத்தில் ஒன்று. உங்கள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் அநேகமாக அப்பா பெயரோ கணவர் பெயரோ இருக்கும். அங்கே உங்களை அதைக்கொண்டுதான் அழைப்பார்கள். அப்பா பெயர் முருகன் என்றால் நீங்கள் 'ஃப்ரௌ முருகன்'. முதல் நாள் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பீர்கள். வயதான நோயாளிகள் சிலர் 'ஷ்வெஸ்டர்' என்று உங்கள் சொந்தப் பெயரைச் சேர்த்து, ஆனால் 'ஸீ' போட்டு அழைப்பார்கள். அது நம் 'சிஸ்டர்' மாதிரி ஒரு பழைய வழக்கம், அவமரியாதை கிடையாது. பிடிக்கவில்லை என்றால் 'ஃப்ரௌ' என்று அழைக்கச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. 2020 முதல் அந்த வேலையின் சட்டப்படியான பெயரே 'ப்ஃப்ளேகெஃபாக்ஃப்ரௌ' (பராமரிப்புத் தொழில் வல்லுநர்) என்று மாறிவிட்டது, அதில் 'சகோதரி' இல்லை.

அங்கே போய்த் தொழில்மொழித் தேர்வு எழுத வேண்டியிருந்தால், நோயாளியாக நடிப்பவர் உங்களைவிட இளையவராக இருந்தாலும் தேர்வு முடியும்வரை 'ஸீ' மாறக் கூடாது. எழுதும்போது மரியாதைக்குரிய 'ஸீ', 'ஈனென்' (உங்களுக்கு), 'இயர்' (உங்கள்) மூன்றுக்கும் முதல் எழுத்து எப்போதும் பெரிய எழுத்து. 'டூ'வின் பன்மையான 'இயர்' ஒலியில் ஒன்றே போல இருந்தாலும் சின்ன எழுத்து. சின்ன எழுத்தில் 'ஸீ' என்று எழுதினால் அது 'அவள்' அல்லது 'அவர்கள்' ஆகிவிடும். அதனால் இதில் கவனமாக இருங்கள்.